1804 டாலர்: காசு மேல இருக்கிற தேதியை நம்பாதீங்க

நேத்து ஒரு ஃபார்வர்ட். "1804ல் அமெரிக்கா அடிச்ச வெள்ளி டாலர், உலகத்துலயே 15தான், ஒவ்வொண்ணும் பல கோடி." 15ங்கறது 2025 வரைக்கும் சரி. கோடியும் சரி, 2021 ஏலத்துல ஒண்ணு 76.8 லட்சம் டாலருக்குப் போச்சு. 1804ல் அடிச்சதுங்கறதுதான் பொய். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

பிலடெல்ஃபியா நாணயசாலைப் பதிவேட்டில் அந்த வருஷம் 19,570 டாலர் காசுகள் கணக்கு இருக்கு. அடிச்சதும் நிஜம். ஆனா பழைய தேதி போட்ட அச்சுலயே அடிச்சாங்க. நல்லா இருக்கிற அச்சை யார் தூக்கிப் போடுவா? கேஷுவாலிட்டியில் இது தினமும் நடக்கும். சீட்டுல "நேத்து அடிபட்டது"னு இருக்கும், காயம் நாலு நாள் பழசா இருக்கும். நான் காயத்தைத்தான் நம்புவேன்.

1834ல் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசாக் கொடுக்க நாணய செட் வேணும்னாங்க. பதிவேட்டைப் பார்த்து 1804னு புது அச்சு வெட்டினாங்க. அந்த வகையில 8 காசு. பிறகு 1858 வாக்கில் நாணயசாலைக்குள்ளேயே திருட்டுத்தனமா அடிச்சதுதான் மத்ததெல்லாம். அதுல ஒண்ணு 1857ஆம் வருஷ சுவிஸ் காசு மேல அடிச்சது! மேல 1804, அடியில 1857. இதைத்தான் "அமெரிக்க நாணயங்களின் ராஜா"ன்னு ஏலக்காரங்க விக்கிறாங்க.

இதெல்லாம் எப்படித் தெரிஞ்சது? பதிவேட்டோட நிறுத்தாம, காசையே உத்துப் பார்த்ததால. அந்த 8க்கும் மத்ததுக்கும் பின்பக்க அச்சே வேற. ஓரமும் 1803 டாலர் மாதிரி இல்ல, 1830கள் காசு மாதிரி.

"பணக்காரன் பைத்தியம், உங்களுக்கு எதுக்கு டாக்டர்?"னு கேப்பீங்க. ராஜா காசு வாங்குறவங்களைப் பத்தி அப்படிச் சொன்னா சண்டைக்கு வர மாட்டேன். ஆனா அரை டாலரை லென்ஸ் வெச்சுப் பார்க்கிற ஆளுங்களை அதுல சேர்க்காதீங்க. அந்தக் காலத்துல அச்சுல நட்சத்திரம், எழுத்து, எண் எல்லாம் கையால ஒவ்வொண்ணா அடிச்சது. அதனால எந்த ரெண்டு அச்சும் ஒண்ணா இருக்காது. 1794ல இருந்து 1836 வரை அரை டாலரின் அச்சு வகைகளை எல்லாம் நம்பர் போட்டு ஓவர்டன் 1967ல் புத்தகமாக் கொண்டுவந்தார். 1817ல் ஒரு வகை, 4 மேல 7 அடிச்சது. அச்சு குறுக்கால விரிசல் விட்டுச்சு. இன்னிக்கு ஒரு டஜன் அளவுக்குத்தான் தெரியும். விலை அதுக்கும் உண்டு. ஆனா அந்தக் காசு பொய் சொல்லல.

ஃபார்வர்ட் அனுப்பினவர் என் சீனியர். இதையே அவருக்கும் அனுப்பிட்டேன். நீல டிக் விழுந்து மூணு மணி நேரம் ஆச்சு.