மராத்தான் ஓடும் ஃப்ரெண்டுக்கு சப்போர்ட்டா? ஃபினிஷ் லைனை விட்டுட்டு 32-வது கிலோமீட்டருக்குப் போங்க!

ஜனவரி தொடக்கத்தில் சென்னை மராத்தான் வந்துவிட்டால் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரே உற்சாகம்தான். ஓடுபவர் ஒருவர், 'வந்து கலக்கிடுறோம் மச்சி' என்று மெசேஜ் போடுபவர்கள் பத்து பேர். மறுநாள் காலை அந்தப் பத்து பேரும் போய் நிற்கும் இடம் ஃபினிஷ் லைன். மெடல், செல்ஃபி, அப்புறம் நேரா பொங்கல்-வடை.

தப்பு ஒண்ணும் இல்லை. ஆனால் முடிவுக்கோடு கண்ணில் பட்டுவிட்டால் கால் தானாகவே ஓடும். கைதட்ட ஆள் தேவைப்படும் இடம் வேறு.

முழு மராத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். தசையிலும் கல்லீரலிலும் உடல் சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் பலருக்கும் 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரத் தொடங்கும். ஓட்டக்காரர்கள் 'சுவரில் மோதுவது' என்று சொல்வது இதைத்தான். கால் கனக்கும். அதைவிட மோசம், 'இதெல்லாம் யாருக்காக?' என்று மனசு பேரம் பேச ஆரம்பிக்கும். இருட்டில் 4 மணிக்குக் கிளம்பியவர் அந்த இடத்துக்கு வரும்போது நல்லா விடிந்து வெயிலும் ஏறியிருக்கும். ஜனவரின்னாலும் நம்ம ஊர் புழுக்கம் புழுக்கம்தான்.

கைதட்டினா கிளைகோஜன் ஏறிடுமா? ஏறாது. ஆனால் சோர்வை முடிவு செய்வதில் மூளைக்கும் பங்கு உண்டு. 2014-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சிலரை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கவைத்து, எதிரே திரையில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் முகங்களைக் காட்டினார்கள். சோக முகங்கள் காட்டப்பட்டபோது மிதித்ததைவிட, சிரித்த முகங்கள் காட்டப்பட்டபோது அதிக நேரம் மிதித்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

கிப்சோகே கதையையும் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் மராத்தானை முடிக்கும் முதல் முயற்சி 2017-ல் இத்தாலியின் மான்ஸா கார் பந்தயத் தளத்தில் நடந்தது. பொதுமக்கள் கூட்டம் கிடையாது. நேரம் 2:00:25. இரண்டாவது முயற்சி 2019-ல் வியன்னாவில், பாதையோரம் ஆயிரக்கணக்கானோர் குரல் கொடுக்க நடந்தது. 1:59:40. ஷூவும் மாறியிருந்தது, உடன் ஓடியவர்களின் வியூகமும் மாறியிருந்தது. கூட்டம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அளவு திட்டமிட்டவர்களே கூட்டத்தையும் திட்டத்தில் சேர்த்தார்கள்.

சரி, எப்போ போய் நிற்பது? நண்பரின் வேகத்தைக் கேட்டுக்கோங்க. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால், 4 மணிக்குக் கிளம்பியவர் 32-வது கிலோமீட்டரைத் தொட 7.44 ஆகும். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவர் தொடக்கக் கோட்டைக் கடக்கவே சில நிமிடம் பிடிக்கும். கடைசியில் வேகமும் குறையும். 7.30-க்கே போயிடுங்க. சாலைகளை மூடியிருப்பார்கள், அதனால் பைக்கைத் தூரத்தில் விட்டுட்டு நடக்கணும். 'ரோட்டின் இடது பக்கம், மஞ்சள் சட்டை' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உங்களைத் தேடிக்கொண்டே அவர் ரெண்டு கிலோமீட்டர் ஓடிவிடுவார்.

என்ன சொல்றது என்பதும் முக்கியம். 'அவ்ளோதான், வந்தாச்சு' என்று 32-ல் நின்று சொல்லாதீங்க. மீதி 10 கிலோமீட்டர் இருப்பது அவருக்குத்தான் நல்லா தெரியும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, 'நல்லா வர்ற, இதே மாதிரி வா' போதும். வலி மாத்திரையைக் கையில் திணிக்க வேண்டாம், ஓட்டத்தின் நடுவே அது சிறுநீரகத்துக்கு ஆபத்து. நேர்கோட்டில் வராமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ 'விடாத மச்சி' என்று சொல்லவே கூடாது. நிறுத்தி, உட்காரவைத்து, மருத்துவக் குழுவைக் கூப்பிடணும். வெப்பத்தாக்குதலின் அறிகுறி அதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, அவரை நல்லா தெரிந்த ஒருவர் வழியில் நிற்பது பெரிய உதவி.

மும்பை மராத்தானில் கடைசிக் கட்டத்தில் பெட்டர் ரோடு ஏற்றம் வரும். அங்கே குடியிருப்பவர்கள் வாசலுக்கு வந்து நின்று, முன்பின் தெரியாதவர்களுக்கும் குரல் கொடுப்பார்கள், தின்பண்டம் நீட்டுவார்கள். நம்ம ஊரில் மராத்தான் நாள் என்றாலே 'டிராஃபிக் டைவர்ஷன்' செய்தியாகத்தான் பலருக்கும் தெரிகிறது. மூடிய ரோட்டைப் பார்த்து எரிச்சல்படுவதும் நியாயம்தான், ஆனா எப்படியும் மாட்டிக்கிட்டோம், ரெண்டு நிமிஷம் இறங்கிக் கைதட்டினா என்ன?

நண்பர் கடந்து போனதும் கிளம்பிடாதீங்க, ஒரு மணி நேரம் நில்லுங்க. ஆறு மணி நேரத்தில் முடிப்பவர்கள் அதன் பிறகுதான் வருவார்கள். அதிக வெயில் அவர்களுக்கு, குறைந்த கூட்டமும் அவர்களுக்கே. பல போட்டிகளில் நெஞ்சில் குத்தியிருக்கும் எண் அட்டையிலேயே பேர் இருக்கும். படிச்சுக் கூப்பிடுங்க.