மணிக்கணக்கு ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாதா?

காலையில் காந்தி சிலையிலிருந்து தியூப்ளே சிலை வரை நடந்து திரும்பும் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நடப்பது அரை மணி, பேசுவது ஒரு மணி. சென்ற வாரம் பேச்சு கல்லூரி ஆசிரியர்கள் பக்கம் திரும்பியது. நண்பர் ஒருவரின் பேரன் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மூன்று வாரமாக ஒரு பாடத்துக்கு வகுப்பே நடக்கவில்லையாம். ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். நண்பருக்கு வந்ததே கோபம்!

"எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. எல்லாம் முடித்துவிட்டுத்தானே வேலைக்கு வருகிறார்கள்? அதற்கப்புறம் என்னய்யா பயிற்சி? எல்லாம் ஓ.டி. போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிற வேலை. ஒரு சுற்றறிக்கை போட்டு இதை ஒழித்துக்கட்ட வேண்டும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. ஒழிக்கக் கூடாது, இன்னும் அதிகம் பேரை அனுப்ப வேண்டும் என்றேன். கூட்டத்தில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவரும் உண்டு. அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஆபீஸில் இருந்தவர். வகுப்பறை விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பறை எனக்குத் தெரியாது. ஆனால் பயிற்சிக்குப் போகும் ஆசிரியரின் விண்ணப்பம், அனுமதி ஆணை, ரிலீவிங் ஆர்டர், திரும்பி வந்து சேர்ந்த கடிதம், சான்றிதழ் நகல், அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும் வேலை என்று எல்லாமே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் என் மேசை வழியாகத்தான் போயின. எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. உள்ளூர்க்காரர்கள் ஊகிக்கவும் வேண்டாம்.

முதலில் கதையின் தொடக்கம். 1986இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரி ஆசிரியருக்குப் பாட அறிவு மட்டும் போதாது, கற்பிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. பள்ளி ஆசிரியருக்கு பி.எட். உண்டு. கல்லூரி ஆசிரியருக்கோ நேற்றுவரை மாணவராக உட்கார்ந்திருந்த வகுப்பில் இன்று எழுந்து நின்று பாடம் நடத்த வேண்டிய நிலைமை. இதைச் சரி செய்யத்தான் 1987இலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களை ஏற்படுத்தியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்கு வாரம் ஓரியன்டேஷன், பழையவர்களுக்கு மூன்று வாரம் ரெஃப்ரெஷர். எங்கள் ஆசிரியர்கள் சென்னைக்கும் திருச்சிக்கும் கோவைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிற்பாடு அதே நிலையங்கள் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. இப்போது மாளவியா பெயரில் இயங்குகின்றன. பலகைதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

எண்ணம் நல்ல எண்ணம். கெட்டது எங்கே என்றால், இதைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்ட இடத்தில். சீனியர் ஸ்கேல் வேண்டுமா? ஒரு ஓரியன்டேஷன், ஒரு ரெஃப்ரெஷர். அதற்கும் மேலே போக வேண்டுமா? இன்னும் ரெஃப்ரெஷர்கள். முடிச்சுப் போட்டால்தான் எல்லோரும் போவார்கள் என்று டெல்லியில் நினைத்திருப்பார்கள். எல்லோரும் போகத்தான் செய்தார்கள். ஆனால் எப்போது போனார்கள் என்பது என் பதிவேட்டுக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, பாடம் நடத்தத் தடுமாறும் அந்த ஆண்டில், ஒருவரும் விண்ணப்பிக்க மாட்டார். பதவி உயர்வுக்குத் தேதி நெருங்கும் ஆண்டில், "சார், எங்கே சீட் இருக்கிறது, எந்தப் பாடமானாலும் பரவாயில்லை" என்று என் மேசை முன்னால் நிற்பார். குறித்த காலத்துக்குள் முடிக்காதவர்களுக்காகக் கெடுவை நீட்டித்தும் சுற்றறிக்கை வரும். நீட்டிக்க நீட்டிக்க அவர்களும் தள்ளிப் போடுவார்கள். திரும்பி வந்தவரிடம் என்ன கற்றீர்கள் என்று ஒரு முதல்வராவது கேட்டதாக எனக்கு நினைவில்லை. சான்றிதழ் வந்ததா, பதிவேட்டில் ஏறியதா, அவ்வளவுதான்.

ஆகவே நண்பரின் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதியில்தான் சண்டை.

வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருந்தார். நோட்டைப் பார்த்து வாசிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதவர் என்று பெயர் வாங்கியவர். அவரும் பதவி உயர்வுக்காகத்தான் ரெஃப்ரெஷருக்குப் போனார். அங்கே யாரோ ஒருவர் இவர்களை ஆவணக் காப்பகத்துக்கு அழைத்துப் போய்ப் பழைய தாள்களைக் கையில் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் ஒன்றின் நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்ததுதான். "உங்களுக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே, பிள்ளைகளுக்கு ஒருமுறை படித்துச் சொல்லுங்கள்" என்றார். குமாஸ்தாவாகிய நான் கல்லூரி வகுப்பில் நின்று பேசியது அந்த ஒரு நாள்தான். மூன்று வாரம் ஒருவரை அந்த அளவுக்கு மாற்றும் என்றால், எந்த நோக்கத்தோடு போனார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் சொந்தக் கதையையும் சொல்ல வேண்டும். பிரெவே வரை பிரெஞ்சிலேயே படித்தவன் நான். வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகம் முழுக்க ஆங்கிலம். ஒரு நோட் எழுதச் சொன்னால் பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவேன். அது இரண்டுமாக இருக்காது. எங்கள் சூப்பிரண்டு, மறைந்த மனிதர், ஆறு மாதம் தினமும் மாலையில் அரை மணி நேரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் எழுதியதை என் கண் முன்னாலேயே சிவப்பு மையில் திருத்தினார். ஏன் திருத்தினேன் என்றும் சொல்வார். துறை எனக்குத் தந்த பயிற்சி வகுப்புகள் ஒன்றும் நினைவில் இல்லை. அந்தச் சிவப்பு மை நினைவில் இருக்கிறது. பள்ளியிலும் அப்படித்தான். ஈன்ஸ்பெக்தேர் வந்தால் கடைசி பெஞ்சில், எங்கள் பக்கத்தில் உட்காருவார். எங்களை ஒன்றும் கேட்க மாட்டார். எங்கள் முசியேயை மட்டும் கவனிப்பார். மணி அடித்தபின் இருவரும் மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசுவார்கள். கல்லூரிக்கு இதெல்லாம் ஒத்துவராது, சுதந்திரம் போய்விடும் என்பார் நம் பேராசிரியர். போகட்டுமே. கடைசி பெஞ்சில் உட்கார அதிகாரி வேண்டாம், அடுத்த துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர் உட்காரட்டும்.

இப்போது உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சுற்றி வந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என் மேசைக்கு வந்தார். கணித ஆசிரியை. நிரந்தரம் இல்லை, மணிக்கணக்கு. ஜூலையில் ஆணை கொடுத்து ஏப்ரலில் விடுவிப்போம், மறுபடி ஜூலையில் புது ஆணை. இப்படியே நான்கு ஆண்டுகள். வாரத்தில் நிரந்தர ஆசிரியர்களுக்குச் சமமாக, சில வாரம் அதற்கும் மேலாக, வகுப்பு எடுத்தார். ரெஃப்ரெஷர் கோர்ஸ் ஒன்றுக்கு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். "உங்களுக்குத்தான் பதவி உயர்வே கிடையாதே அம்மா, எதற்கு இது?" என்று கேட்டேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் சொன்னார்: "சார், பாகூர் பக்கத்திலிருந்தும் வில்லியனூர் பக்கத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வருகிறார்கள். இங்கே எல்லாம் ஆங்கிலம். கணக்கு தெரியும், கேள்வி புரியாது. பாதி வகுப்பு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எப்படிப் புரியவைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. யாராவது சொல்லிக் கொடுப்பார்களா என்று பார்க்கிறேன்."

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து முழித்தவனிடம் இதைச் சொன்னார். அந்தப் பிள்ளைகளின் நிலைமை அந்த அலுவலகத்தில் யாருக்காவது புரிந்திருக்க வேண்டும் என்றால் எனக்குத்தான் புரிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "விண்ணப்பதாரர் நிரந்தரப் பணியாளர் அல்லர். விதிகளில் இடமில்லை. திருப்பி அனுப்பலாம்" என்று மூன்று வரி எழுதினேன். மேலே கையெழுத்தாகி இரண்டே நாளில் திரும்பி வந்தது. அவர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறொரு சுற்றறிக்கையைத் தேடும்போது, அலமாரியில் மானியக் குழுவின் வழிகாட்டி நெறிகள் கிடைத்தன. புரட்டினேன். மூன்று கல்வி அமர்வுகள் பணியாற்றிய பகுதி நேர, தற்காலிக, ஒப்பந்த ஆசிரியர்களையும் இந்தப் பயிற்சிகளுக்கு அனுமதிக்கலாம் என்று அதில் இருந்தது. விதியில் இடம் இருந்தது. விதியைப் படிக்காமல் எழுதியவன் நான். அதற்குள் ஏப்ரல் முடிந்துவிட்டது. அவர் பெயர் பட்டியலில் இல்லை. ஜூலையில் வேறு எங்கோ போய்விட்டார் என்றார்கள். ஒரு தபால் அட்டையாவது போட்டிருக்கலாம். போடவில்லை.

விதி இருந்தும் பயன் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர ஆசிரியர் பயிற்சிக்குப் போனால் சம்பளம் ஓடும், பயணப்படி உண்டு. எம்.ஃபில்., பிஎச்.டி. படிக்க ஆண்டுக்கணக்கில் முழுச் சம்பளத்தோடு அனுப்பி, அவர் இடத்தில் வேலை பார்ப்பவருக்கும் மானியக் குழுவே சம்பளம் கொடுத்த திட்டமும் இருந்தது. நல்ல திட்டம். மணிக்கணக்கு ஆசிரியர் மூன்று வாரம் போனால்? வகுப்பு இல்லை, ஆகவே பணமும் இல்லை. கோடை விடுமுறையில் போகட்டும் என்பீர்கள். கோடையில் அவர் அந்தக் கல்லூரியின் ஆசிரியரே இல்லையே! யார் அனுமதிக் கடிதம் கொடுப்பது? வகுப்பு கெடாமல் பயிற்சி பெறக்கூடிய ஒரே மாதத்தில் அவருக்கு வேலையே கிடையாது. இந்த ஓட்டையை அடைக்க ஒரு ஆணை போதும். ஏப்ரலில் விடுவிப்பதற்குப் பதில் பயிற்சி முடியும்வரை ஆணையை நீட்டித்து, அந்த நாட்களுக்கும் ஊதியம் கொடுங்கள். விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று 2019இல் மானியக் குழு வரையறுத்தது. பாடம் நடத்தும் மணிக்குக் கணக்கு வைத்தவர்கள், கற்றுக்கொள்ளும் மணிக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கலாம்.

நான் ஓய்வு பெறும் சமயத்தில், 2010இல், எதற்கெடுத்தாலும் புள்ளி என்று ஒரு முறை வந்தது. கருத்தரங்குக்குப் புள்ளி, கட்டுரைக்குப் புள்ளி. அந்தக் கோப்புகளின் கனம் என் முதுகுக்குத் தெரியும். 2018இல் கல்லூரி ஆசிரியர்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். 2020 ஊரடங்கில் என் தங்கை மகள் தினம் ஒரு இணையவழிப் பயிற்சியில் சேர்ந்து, கூகுள் படிவத்தை நிரப்பி, மின்சான்றிதழ் வாங்கினாள். ஒரு நாள், அடுப்பில் குழம்பு கொதிக்க, மூன்று ஊர்களிலிருந்து மூன்று சான்றிதழ். அவளே சிரித்தாள். இதைப் பார்த்துவிட்டுத்தான் நண்பர்கள் எல்லாவற்றையும் ஒழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது ரேஷன் கடையில் எடை குறைகிறது என்பதற்காக அரிசியையே நிறுத்தச் சொல்வதாகப் படுகிறது. நிறுத்தினால் நிரந்தர ஆசிரியருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பதவி உயர்வுக்கு வேறொரு தாளைக் கேட்பார்கள், அதைக் கொண்டுவருவார். பாகூர்ப் பிள்ளை மட்டும் அதே முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நண்பரின் பேரனுக்கு மூன்று வாரம் வகுப்பு இல்லாமல் போனது தவறுதான். பதிலுக்கு ஆள் போடாமல் அனுப்பிய அலுவலகத்தின் தவறு அது. அங்கே என்னைப் போல் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் கல்லூரியில் மணிக்கணக்கில் வேலை பார்க்கும் மகளோ மருமகளோ இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டின் நியமன ஆணையையும், விடுவிப்பு ஆணையையும் தேதி வரிசையில் தைத்து வைக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கு எழுத்தில் விண்ணப்பிக்கட்டும், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கட்டும். இடமில்லை என்று யாராவது திருப்பிக் கொடுத்தால், எந்த விதி, எத்தனையாவது பத்தி என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கட்டும். அன்றைக்கு அந்தப் பெண் அப்படிக் கேட்டிருந்தால் நான் எழுந்துபோய் அந்த அலமாரியைத் திறந்திருப்பேன்.