மண்ணும் நஞ்சும்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் தமிழர் மரபு. நிலம் உதிர்ந்த இலையையும் சாணத்தையும் தன்னுள் ஏற்று, உரமாக்கிப் பயிருக்கு ஊட்டுகின்றது. இதனைக் கண்ட மக்கள், எதனைக் கொட்டினும் நிலம் செரித்துக்கொள்ளும் என்று நம்பிவிட்டனர். ஊர்கள் நகரங்களாக வளரும் இக்காலத்தில் இந்நம்பிக்கை பெருந்தீங்கு பயப்பதாகும்.

இலை மக்கும், உலோகம் மக்காது. காரீயம், காட்மியம், குரோமியம், பாதரசம் முதலிய கன உலோகங்களை எந்த நுண்ணுயிரும் அழித்தல் இயலாது. மண்ணிற் சேர்ந்த அவற்றுள் ஒரு பகுதி வேர்வழியே பயிரிற் புகும். ஒரு பகுதி மழைநீரொடு கிணற்றை அடையும். ஒரு பகுதி புழுதியாய் எழுந்து மூச்சிற் கலக்கும். பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் கொட்டகைகளும், உலோக முலாம் பூசும் பட்டறைகளும் நகர்ப்புற மண்ணில் நஞ்சு சேர்க்கின்றன.

இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆயினும், அதற்கு முன் வண்டிகள் கக்கிய காரீயம் சாலையோர மண்ணை விட்டு எளிதில் அகல்வதன்று. மண்ணில் விளையாடும் குழந்தைகள் கையை வாயில் வைப்பர். அவ்வழியே உடலிற் சேரும் காரீயம் வளரும் மூளையைத் தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கும்.

இராணிப்பேட்டையில் குரோமிய உப்புகள் செய்த தொழிற்சாலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. தொழில் நின்றது, கழிவு நின்ற இடத்திலேயே நின்றது. 1,50,000 டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்த வெளியில் குன்றுபோற் குவிந்து கிடந்தது. மழை பெய்யுந்தோறும் நஞ்சு கரைந்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிற்று.

‘தொழில் இன்றேல் முன்னேற்றம் இல்லை’ என்பர் சிலர். அவர் கூற்றில் உண்மை உண்டு. தொழில் பலருக்குச் சோறிடுகின்றது. ஆயின், கழிவை அடக்கும் செலவைத் தவிர்த்து ஈட்டும் பொருள், பின்வருவோர் தலைமேல் ஏற்றிய கடனேயாகும். அக்கடன் எத்துணைப் பெரிது என்பதை ஜப்பான் நாடு கண்டது. அங்கே தொயாமா பகுதியில், சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றுநீர் வழியே நெல்வயல்களிற் படிந்தது. அதனால் எலும்பை நலிவிக்கும் கொடுநோய் தோன்றிற்று. நோய்க்குக் காட்மியமே காரணம் என அரசு 1968இல் ஒப்புக்கொண்டது. பின்னர் அவ்வயல்களைச் சீர்செய்யும் பணி 30 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

மாசு செய்தவரே அதனைப் போக்கும் செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை, வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் நிலைநாட்டிற்று. அது நன்னெறியே. எனினும், கெட்டபின் திருத்துவதினும் கெடாமற் காத்தல் எளிது, செலவும் குறைவு. ஆதலின், கழிவு தோன்றும் இடத்திலேயே அதனை அடக்குதல் வேண்டும். தொழிற்சாலையை அடுத்த வயல் வீட்டுமனையாகும் முன் அதன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். பள்ளியும் விளையாட்டிடமும் கீரைத் தோட்டமும் அமையவிருக்கும் இடங்களில் இச்சோதனையைச் சட்டமே கட்டாயமாக்குதல் தகும்.

நிலம் தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. அதனை அறிந்து சொல்லும் கடமை, அதன்மேல் வாழ்வோர்க்கே உரியது.