ஒன்றும் தெரியாதவர் எவருமிலர்

“சும்மாதான் வீட்டில் இருக்கிறேன்” என்று நம் சகோதரிகள் எத்துணை இலகுவாகச் சொல்லிவிடுகின்றார்கள்! விடியுமுன் எழுந்து, கிணற்றடியும் அடுப்படியுமாக அலைந்து, ஆட்டுக்குக் குழை ஒடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு நேரந்தவறாது மருந்து கொடுத்து, இரவு பத்து மணிக்கு விளக்கணைக்கும் ஒருத்தி, தான் ‘சும்மா’ இருப்பதாகவே நம்புகிறாள். அவ்வாறு நம்பும்படி அவளுக்குக் கற்பித்தவர்கள் வீட்டிலுள்ள நாமேதாம். இந்தச் சொல் வீட்டுக்குள் இருக்கும்வரை அதனால் விளையும் கேடு வெளியே தெரிவதில்லை. உழைத்தாலன்றி உலை ஏறாது என்ற நிலை வந்து, அவள் வேலை தேடிப் புறப்படும் அன்றுதான் அது அவள் காலைப் பிடித்து இழுக்கின்றது.

நமது அயலில் ஒரு சகோதரி இருக்கின்றாள். யுத்தத்தில் கணவனை இழந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டியவள். சென்ற ஆண்டு, ஒரு மாணவர் விடுதியின் சமையற்கூடத்துக்கு ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தாள். நாமும் எல்லோரும் செய்வதையே செய்தோம். “பயப்படாதே பிள்ளை, உன்னாலே ஏலும், துணிந்து போ” என்று தைரியம் சொல்லி அனுப்பினோம். அவள் போனாள். மேசைக்கு அப்பால் இருந்தவர், “உமக்கு என்ன வேலை தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். அவள் நிலத்தைப் பார்த்தபடி, “பெரிசா ஒண்டும் தெரியாது ஐயா” என்றாளாம். அத்துடன் நேர்முகம் முடிந்தது. அதன் பின்னர் பல மாதங்களாக அவள் எந்த விண்ணப்பப் படிவத்தையும் கையால் தொடவில்லை.

இதில் பிழை யாருடையது? அவளை வெறுங்கையோடு அனுப்பிவைத்த நம்முடையதென்றே பின்னர் உணர்ந்தோம். தன்னம்பிக்கை என்பது பிறர் வாயிலிருந்து இன்னொருவர் நெஞ்சுக்குள் ஊற்றக்கூடிய பொருளன்று. கனடாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய உளவியலறிஞர் அல்பேர்ட் பண்டுரா, 1977 ஆம் ஆண்டில் இதுபற்றி ஆராய்ந்து எழுதினார். தம்மால் இயலும் என்ற எண்ணம் மனிதருக்கு நான்கு வழிகளால் உண்டாகிறதென்று அவர் வகுத்தார். தாமே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம் ஒன்று. தம்மைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது மற்றொன்று. பிறர் கூறும் ஊக்கமொழி மூன்றாவது. உடலும் மனமும் அவ்வேளையில் இருக்கும் நிலை நான்காவது. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவதே என்பது அவர் கண்ட முடிவு. நாமோ மூன்றாவதை மட்டும் அள்ளி வழங்கிவிட்டு, நம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகின்றோம்.

ஆறேழு மாதங்கள் கழித்து அவளை மறுபடியும் அழைத்து, நமது விறாந்தையில் அமர்த்தி, வேறோர் இடத்துக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினோம். ‘தகைமைகள்’ என்ற கட்டம் வந்ததும், “இல்லையெண்டு எழுதுங்கோ அக்கா” என்றாள். நாம் பேனையைக் கீழே வைத்தோம்.

“2009 இலே செட்டிகுளம் முகாமிலே இருந்தபோது என்ன செய்தாய்?”

“என்னத்தைச் செய்யிறது? பொதுச் சமையலுக்குத்தான் நிண்டனான்.”

“எத்தனை பேருக்கு?”

“ஒரு நேரத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது பேர் வரும்.”

“அரிசி எவ்வளவு போடுவாய்?”

“நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ. சின்னப் பிள்ளையள் கூடவெண்டால் பத்துக் காணும்.”

இதைச் சொல்ல அவள் யோசிக்கவுமில்லை, விரல் மடிக்கவுமில்லை. விறகு ஈரமாயிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டோம். முதல்நாட் சமையல் முடிந்ததும் அடுப்பைச் சுற்றி அடுக்கிவிட்டால் அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும் என்றாள். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைகளுக்கென்று கஞ்சியை வேறு பாத்திரத்தில் வைத்ததையும், தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் எவருக்கும் கொடாததையும் மெல்ல மெல்லச் சொன்னாள். ஊருக்குத் திரும்பிய பின்னர் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துச் சீட்டுப் பிடித்து, ஒரு சதமும் பிசகாமற் கணக்கு வைத்திருப்பதும் அப்போதுதான் வெளிவந்தது.

அவள் சொன்னவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தோம். பெருந்தொகையானோருக்குச் சமைத்தல், பொருள் அளவிடுதல், சுகாதாரம் பேணல், பணக்கணக்கு வைத்தல், நாலு பேரை வைத்து வேலை வாங்குதல் என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அதை வாங்கி இருமுறை வாசித்துவிட்டு, “இதெல்லாம் வேலையெண்டு கணக்கோ அக்கா?” என்று கேட்டாள்.

அவளைப்போன்றோர் ஒருவரல்லர், இருவரல்லர். மத்திய கிழக்கில் பல ஆண்டு வீட்டுப் பணி செய்து திரும்பிய பெண், படுக்கையிற் கிடக்கும் முதியவரை நோகாமற் புரட்டிக் கழுவவும், வேற்று மொழியிற் பேசவும் அறிவாள். மலையகத்துத் தோட்டத்திற் கொழுந்தெடுக்கும் சகோதரி, எடுக்கத்தக்க தளிர் எது, விடத்தக்கது எது என்பதைக் கண்ணிமைக்கும் பொழுதிற் பிரித்தறிவாள். தகப்பனோடு கடலுக்குப் போன பையன், வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவான். இவர்கள் அனைவரும், கேட்டால், ‘ஒன்றும் தெரியாது’ என்றே சொல்வார்கள். கைக்குப் பழகிப்போன வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை; பத்திரம் இல்லாத அறிவை அறிவென்று எண்ண நாம் அவர்களுக்குச் சொல்லித் தரவுமில்லை.

ஆகவே, வேலை தேடும் ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருப்பின், புகழ்ச்சியைச் சற்றே ஒதுக்கிவைத்து அவரிடம் வினாக்களைக் கேளுங்கள். ‘என்ன தெரியும்?’ என்று கேளாதீர்கள். அது வாயை அடைத்துவிடும். ‘என்ன செய்தாய்? எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம் செய்தாய்? பிழைத்துப்போனால் எப்படிச் சரிப்படுத்தினாய்?’ என்று கேளுங்கள். வரும் விடைகளைத் தொகையோடும் ஆண்டோடும் எழுதிக் கொடுங்கள். பின்னர் அதனை அவர் தம் வாயாலேயே இரண்டு மூன்று தடவை உரக்கச் சொல்லும்படி செய்யுங்கள். அந்நிய மனிதர் முன்னிலையில் முதன்முறையாகச் சொல்லும்போது நாத்தடுமாறுவது இயற்கை. வீட்டில் ஒருமுறை தடுமாறிவிட்டால் அங்கே தடுமாற்றம் குறையும்.

பத்திரம் இல்லையே என்று கவலுறுவோருக்கும் நம் நாட்டில் ஒரு வழி உண்டு. தேசிய தொழிற்தகைமை முறையில் 1 முதல் 7 வரை மட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. முதலாம் மட்டம் ஆரம்ப நிலை. 2 முதல் 4 வரை கைவினைஞர் சான்றிதழ்கள். 5 உம் 6 உம் டிப்ளோமா. 7 பட்டத்துக்கு ஒப்பானது. வகுப்பறைக்குச் செல்லாது அனுபவத்தாலே தொழில் பழகியவர்களும், ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்னும் ஏற்பாட்டின் மூலம் கைவினைஞர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் ஒருவர், விண்ணப்பித்தவர் செய்த வேலைக்கான ஆதாரங்களைப் பார்த்து, வேலையைச் செய்துகாட்டச் சொல்லி, தேர்ச்சியை நிர்ணயிப்பார். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் அலுவலகங்களில் இதுபற்றி விசாரிக்கலாம். அப்பியாசக் கொப்பியில் எழுதிய பக்கமும், உங்கள் வேலையை அறிந்தவர் தரும் கடிதமும் அங்கே பிரயோசனப்படும்.

ஒன்றை மறைக்காது சொல்லவேண்டும். தன்னம்பிக்கை மட்டும் வேலையை உண்டாக்கிவிடாது. தொழிலே இல்லாத ஊரில், வேலையற்றவரைப் பார்த்து ‘உனக்குத் துணிவு போதாது’ என்பது கொடுமை. அவர் துணிவில்லாதவர் என்பதற்காக அன்றி, கதவைத் தட்டும்போது தம்மிடம் இருப்பதை அவர் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் கூறுகின்றோம்.

நம் அயலுச் சகோதரிக்கு அந்த இரண்டாவது இடத்திலும் வேலை கிடைக்கவில்லை, க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்தவர் வேண்டுமென்று சொல்லிவிட்டார்கள். முன்போல அவள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவாளோ என்று நாம் அஞ்சினோம். அன்று பின்னேரமே அவள் கொப்பியும் கையுமாக நம் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். “இருநூறு பேருக்குச் சமைச்சதைச் சொன்னனான் அக்கா. அவர் எழுதியும் எடுத்தவர்” என்றாள். சற்றுப் பொறுத்து, “வேறை எங்கையேனும் கேட்டால் படிவம் ஒண்டு எடுத்துத் தாங்கோ” என்றாள்.

இந்த முறை ‘தகைமைகள்’ என்ற கட்டத்தை அவளே தன் கையால் நிரப்பினாள். இடம் போதாமல், மறுபக்கத்திலும் எழுத வேண்டியதாயிற்று.