மடிநோய் மாட்டுக்கு, தண்ணீர் கலந்த பழி நமக்கா?



வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் கிணறு வத்திப்போனால் குடும்பத்தைத் தாங்குவது கொட்டத்தில் நிற்கிற இரண்டு கறவை மாடுதான். விடியக் கறந்த பாலைச் சொசைட்டியில் கொண்டுபோய் ஊற்றுகிறோம். லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு, "சத்து இல்லை, தண்ணி விட்டிருக்கீங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிடுகிறார்கள். விலையும் குறைகிறது, மானமும் போகிறது.

கலப்படம் செய்கிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மடிநோய் கண்ட மாட்டின் பாலிலும் சர்க்கரைச் சத்து குறையும், எஸ்.என்.எஃப். இறங்கும். அது கறப்பவன் குற்றமா?

மடி கல்லாகி, பால் திரிந்து வந்தால் நமக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத மடிநோய்தான் பெரிய கேடு. பால் வெள்ளையாகவே இருக்கும். அளவு மட்டும் நாளுக்கு நாள் குறையும். கண்ணு பட்டுடுச்சு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். இதைச் செய்யும் கிருமிகளில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மணி கோத்தது போலச் சங்கிலியாக நிற்கும். இதில் அகலாக்டியே என்ற வகை மடிக்குள்ளேயே குடியிருந்து, கறக்கிற கை வழியாக, கறவை இயந்திரம் வழியாக அடுத்த மாட்டுக்குப் போகிறது. யூபெரிஸ் என்ற வகை சாணத்திலும் ஈரக் கூளத்திலும் இருந்து ஏறுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1887-லேயே பிரான்சில் நொகார், மொலெரோ என்ற இருவர் மாட்டின் மடிநோயில் இந்தக் கிருமியைக் கண்டு எழுதினார்கள். டென்மார்க்கில் 1950-களிலிருந்து பண்ணைப் பாலைச் சோதித்தே அகலாக்டியேயைப் பெருமளவு குறைத்தார்கள். கலிபோர்னியா சோதனை என்பது 1957-ல் வந்தது. நாலு குழி உள்ள ஒரு தட்டு, ஒரு மருந்து நீர், அவ்வளவுதான். நாலு காம்புப் பாலையும் தனித்தனியே விட்டுக் கலக்கினால், நோயுள்ள காம்பின் பால் கூழாகும். இதற்கு டாக்டர் பட்டமா வேண்டும்? கொழுப்பு பார்க்க ஆளும் கருவியும் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தட்டை வைக்க முடியாதா?

சோதிக்காமல் போடும் ஊசியால் காசுதான் கரைகிறது. அகலாக்டியே பெரும்பாலும் பென்சிலினுக்கு அடங்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் பல நேரம் அடங்காது. எந்தக் கிருமி என்று தெரியாமல் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள் வரை ஊற்றவும் கூடாது. அந்த நஷ்டமும் நம் தலையில்தான்.

கறக்கும் முன் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். நோய் மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூடும்வரை மாடு படுக்கக் கூடாது. கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய வைத்தியமும் உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூசுவது. காய்ச்சலோ, பாலில் ரத்தமோ இருந்தால் காத்திருக்காமல் 1962-க்குக் கூப்பிடுங்கள்.

திண்டுக்கல்லிலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆராய்ச்சி நம் கொட்டம் வரை வர வேண்டும் என்றுதான் கேட்கிறோம். ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் மடிநோய்ச் சோதனைத் தட்டு வை! எஸ்.என்.எஃப். குறைந்தால் பழி சொல்லும் முன் மடியைச் சோதி! கிருமி பார்க்கும் பரிசோதனையைச் சிறு விவசாயிக்கு இலவசமாக்கு!

2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ஆனது, விவசாயிகள் கேட்டுக் கேட்டுத்தான். இதையும் கேட்டால்தான் நடக்கும். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு வரும்போது ஆறு மாதப் பால் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். சத்து குறைந்ததாக எழுதிய நாளையெல்லாம் பேனாவால் சுழித்து வையுங்கள்.