ஆறு பேருக்கு ஓர் அண்ணன்!

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் ஊர்களில் பரிசளிப்பு விழாக்களுக்குக் குறைவே இல்லை. சால்வை, கேடயம், கைதட்டல், போட்டோ! நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த மேடையில் கேடயம் வாங்கிய பையன் கல்லூரி திறந்த முதல் நாளில் யாருடன் போனான்? நவம்பர் மாத செமஸ்டர் தேர்வை ஒழுங்காக எழுதினானா? இதை விசாரித்த ஜமாஅத்துகள் எத்தனை?

காயல்பட்டினம், ஆத்தூர், குலசேகரன்பட்டினம், வேம்பார் என்று கடலோர ஊர்களிலிருந்து தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் பாளையங்கோட்டைக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். வ.உ.சிதம்பரம் கல்லூரியானாலும் காமராஜ் கல்லூரியானாலும் ஆதித்தனார் கல்லூரியானாலும் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியானாலும் முதல் மூன்று மாதம் அவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தவனுக்கு ஆங்கிலத்தில் நோட்ஸ். இன்டர்னல் மார்க் என்றால் என்ன, 75 சதவீத வருகை குறைந்தால் என்ன ஆகும், அரியர் விழுந்தால் மறுபடி எப்போது எழுதலாம் என்று கேட்க வீட்டில் ஆளில்லை. வாப்பா துறைமுகத்திலோ கடையிலோ அரபு நாட்டிலோ இருக்கிறார். உம்மாவிடம் சொன்னால் கலங்கிவிடுவார் என்று மறைக்கிறான். முதல் செமஸ்டரில் மூன்று அரியர். "படிப்பு நமக்கு ஏறாது மாமா, விசா இருந்தா பாருங்க" என்கிறான். அத்தோடு ஒரு பட்டதாரி போய்விட்டான்! மூளை இல்லாமலா போனான்? வழி சொல்ல ஆளில்லாமல் போனான்.

இத்தனைக்கும் வழி சொல்லக்கூடியவன் அதே பஸ்ஸில், இரண்டு சீட்டு தள்ளி உட்கார்ந்திருக்கிறான். போன வருடம் இதே அவஸ்தையைப் பட்டுத் தேறிய இரண்டாம் ஆண்டு மாணவன் அவன். ஆனால் சீனியர் என்றாலே ஒரு பயம். காரணம் இல்லாமல் இல்லை. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அவர் அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதியா என்று தமிழகம் பதறியது. 1997ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவருக்கு வேறு கல்லூரியிலும் இடமில்லை. அந்தக் கொலை வழக்கோ 2001ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையாகி, 2011ல்தான் உச்ச நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனையாக முடிந்தது. பெற்றவர்கள் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள்!

2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர் ராகிங்குக்குப் பலியானார். அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகளை அறிவித்தது. பெற்றோரும் மாணவரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும், புகார் தர 1800-180-5522 என்ற எண். இவை எல்லோருக்கும் தெரியும். கேட்டில் போர்டு தொங்குகிறதே! ஆனால் அதே விதிகளில் இன்னொன்று இருக்கிறது. தாமாக முன்வரும் மூத்த மாணவர்களைக் கொண்டு ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வழிகாட்டிக் குழு அமைக்க வேண்டும். புதிய மாணவர் ஆறு பேருக்கு ஒரு மூத்த மாணவர். அந்த வழிகாட்டிகள் ஆறு பேருக்கு அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர். முதல் மூன்று மாதம், பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புதியவர்களிடம் சத்தமில்லாமல் விசாரிக்கவும் வேண்டும். (நம் இதழ் வரும் கணக்குதான்!) உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் அந்தக் குழு இருக்கிறதா? கேட்டுப் பாருங்கள். தண்டனையை நினைவில் வைத்தோம், துணையை மறந்தோம்.

அரபிக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. உஸ்தாது பாடம் நடத்திப் போனபின் மாணவர்கள் வட்டமாக உட்கார்வார்கள். நன்றாக விளங்கிய ஒருவர் மற்றவர்களுக்கு அதே பாடத்தைத் திரும்பச் சொல்வார். தக்ரார் என்று பெயர். உஸ்தாதிடம் கேட்க வெட்கப்பட்ட சந்தேகத்தைத் தோழனிடம் கூசாமல் கேட்கலாம். சொல்லிக் கொடுத்தவருக்கும் பாடம் கெட்டியாகும். அந்த வட்டத்தைக் கல்லூரி மரத்தடியில் போட்டால் என்ன?

மூத்த மாணவர் எது வரை செய்யலாம் என்பதற்கு நம் கடற்கரையிலேயே அளவுகோல் உண்டு. 1961ல் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். தோணியில் கயிறு பிடிப்பவர் தண்ணீரில் குதிக்க மாட்டார். கீழே இழுத்தால் உடனே தூக்குவார். அந்த வேலைக்கு மைத்துனரைத்தான் நிறுத்துவார்கள் என்பார்கள். அதுபோல, அசைன்மெண்டை எழுதிக் கொடுப்பது வழிகாட்டியின் வேலையல்ல. எப்படி எழுதுவது என்று காட்ட வேண்டும். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். பையன் யாரிடமும் பேசாமல் ஒடுங்கினால், தானே வைத்தியம் பார்க்காமல் ஆசிரியரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணையும் கொடுக்க வேண்டும்.

பணம் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவானது 2024 டிசம்பர் 30ல். விழா நடந்ததே தூத்துக்குடியில்! நம் பெண் பிள்ளைகள் ஏராளமானோர் உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்கள். வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைக்காததால் ஒரு பிள்ளைக்கு அந்தப் பணம் தாமதமானால், விவரம் தெரிந்த ஓர் அக்கா அருகில் இல்லை என்றுதானே பொருள்?

நாம் அனுப்பாவிட்டாலும் யாராவது ஓர் 'அண்ணன்' வந்து சேரத்தான் போகிறான். கையில் சாதிக் கயிறு கட்டிவிடும் அண்ணன், கஞ்சா நீட்டும் அண்ணன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய கொடுமை நமக்கு வெகு தூரத்தில் நடந்ததல்ல. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறுகளையும் அடையாளங்களையும் தடுக்கச் சொன்னது. ஆகவே வழிகாட்டியாக வருபவரைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு வேண்டும். போஸ்டர் ஒட்டுவதில் முதல் ஆள் என்பது தகுதியல்ல. நம் அமைப்பின் உறுப்பினர் என்பதும் தகுதியல்ல! அவரிடம் ஒப்படைக்கும் ஆறு பேரில் மீனவர் மகனும் இருப்பான், உப்பளத் தொழிலாளி மகனும் இருப்பான். நம் பையன்களை மட்டும் தனியே பிரித்துக் கூட்டம் போடுவதாக இருந்தால் அந்த வேலையே வேண்டாம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, இடுப்பளவு தண்ணீரில் சோறு சுமந்தவர்கள் நம் இளைஞர்கள். கைகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மஹல்லாவிலும் இந்த ஆண்டு கல்லூரி சேர்வோர் பட்டியலை முதலில் எடுங்கள். அதே கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிப்போர் பட்டியலை அருகில் வையுங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு நான்கு பெற்றோர் கல்லூரி முதல்வரைப் பார்த்து, 2009 விதிப்படியான வழிகாட்டிக் குழுவை எழுத்து மூலம் கேளுங்கள். மாணவிகளின் பட்டியலைப் பெண்களே எடுக்கட்டும். மகளிர் கல்லூரிகளுக்குத் தாய்மார்களே போகட்டும். விழா மேடைக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி மிஞ்சினால், அந்த மூத்த மாணவர்களின் பஸ் செலவுக்கும் செமஸ்டர் கட்டணத்துக்கும் கொடுங்கள்.