சொல்லும் பொருளும்

ஆங்கிலச் சொற்களை அள்ளிக் குவித்துவிட்டால் ஆங்கில அறிவு வந்துவிடும் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியிருக்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் என்று அகராதியை உருப்போடுவோரும் உளர். தேர்வு முடிந்த மறுவாரம் அவற்றுள் எத்தனை நெஞ்சில் எஞ்சுகின்றன? பத்துச் சொற்களை அரைகுறையாக அறிவதைவிட ஒரு சொல்லை முழுமையாக அறிவதே மேல் என்பது என் கருத்து.

இது வெறும் மதிப்பெண் பற்றிய பேச்சன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய பின்னர், ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் வரிசையாக எழுந்தன. பட்டம் பெற்றதும் நம்முள் பலர் நாடப்போவது அவற்றையே. அங்கே நாம் கையெழுத்திடும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும்.

"டை" என்றால் இறத்தல் என்று மட்டும் அறிந்தவர், ஆலையில் "டையை மாற்று" என்றால் திகைப்பார். அங்கே அது தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு. "டாலரன்ஸ்" என்பதைச் சகிப்புத்தன்மை என்று வகுப்பில் படித்தோம். ஆலையிலோ, ஓர் உறுப்பின் அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்னும் வரம்பு அது.

இவற்றை இரண்டே நாளில் பழகிக்கொள்ளலாம். ஆனால் வாழ்வையே தொடும் சொற்களும் உண்டு. "லே-ஆஃப்" என்றால் வேலையிலிருந்து நீக்குவது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். அமெரிக்கச் செய்திகளில் அப்பொருள்தான். நம் நாட்டில் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் சொன்ன பொருள் வேறு. மூலப்பொருளோ மின்சாரமோ இன்மையால் நிர்வாகம் வேலை தர இயலாத நிலையே லே-ஆஃப். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் நீடிக்கும். தண்டனையாக அன்றி வேறு காரணத்தால் நிர்வாகமே வேலையை முடித்துவிடுவது "ரிட்ரென்ச்மென்ட்". ஓராண்டேனும் தொடர்ந்து பணிபுரிந்தவர்க்கு, நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் அதற்கு இழப்பீடு. விருப்ப ஓய்வோ ரிட்ரென்ச்மென்ட் ஆகாது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் இச்சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது.

2006இல் உற்பத்தி தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தியே நின்றது. அத்தகைய நேரத்தில் நீட்டப்படும் தாளில் உள்ள ஒரு சொல்லின் பொருள் தெரிவதும் தெரியாததும் ஒன்றாகுமா? "அப்ரெண்டிஸ்" என்னும் சொல்லும் அப்படியே. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். வேலை கிடைத்துவிட்டது என்று மகிழுமுன் அறிய வேண்டிய செய்தி அன்றோ இது?

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்பது தமிழர்க்குப் புதிதன்று. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, பதினோராம் தொகுதியை ஒருசொற் பல்பொருளுக்கென்றே ஒதுக்கியது. அதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். மனப்பாடம் மட்டும் போதுமா? இதே ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமாநுசர், ஒரு மந்திரத்தின் பொருளைக் கேட்டறியத் திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். சொல் அவருக்கு முன்பே தெரியும். அவர் நாடியது பொருளை!

இன்னொரு பாடத்தை ஆலைகளே தருகின்றன. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்னும் ஐந்து ஜப்பானியச் சொற்கள் பல ஆலைகளில் "ஃபைவ் எஸ்" என்ற பெயரில் வழங்குகின்றன. வேண்டாதவற்றை நீக்கல், ஒழுங்காக வைத்தல், துப்புரவு, தரப்படுத்தல், விடாது கடைப்பிடித்தல் என்பன அவற்றின் பொருள். ஜப்பானிய மொழியே அறியாத நம் ஊர்த் தொழிலாளர் அவற்றை மறப்பதில்லை. காரணம், அச்சொற்களை அவர்கள் நாள்தோறும் கையால் செய்கிறார்கள்.

நாமும் அப்படிக் கற்றால் என்ன? வாரத்திற்கு ஐந்து சொற்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம். பொருள்கள் யாவை, எச்சொற்களோடு சேர்ந்து வரும், எங்கே வராது, எதிர்ச்சொல் யாது என எழுதி, நம் வாழ்விலிருந்தே இரண்டு வாக்கியங்கள் அமைப்போம். மறுநாளும், மறுவாரமும், மறுமாதமும் பக்கத்தை மூடிவிட்டு நினைவுகூர்வோம். மூன்றாண்டில் 780 சொற்கள் நம் உடைமையாகும். பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒருசொல் விடைகளைக் குறைத்து, சொல்லை வாக்கியத்தில் ஆளும் திறனைச் சோதியுங்கள்.

ஆங்கிலம் அறிந்தோம் என்று பெருமை பேசுவதற்கு அன்று நண்பர்களே, கையெழுத்திடுமுன் படித்துப் புரிந்துகொள்வதற்கேனும் சொற்களை ஆழக் கற்போம்.